ஊர் மிக்சி, கிரைண்டரைப் பினாங்கில் பயன்படுத்துவது எப்படி?

பினாங்கு, ஜார்ஜ்டவுனில் உள்ள சூலியா தெரு, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களால் பெயர் பெற்றது. கிங் தெரு முனையில் நாகூர் தர்கா அமைந்துள்ள இந்தத் தெருவுக்கும் அருகிலுள்ள லிட்டில் இந்தியாவுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வருவது இன்றும் நிற்கவில்லை. அப்படி வருவோர் ஊரிலிருந்து மிக்சி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி கொண்டு வந்தால், முதலில் எதிர்ப்படும் சிக்கல் பிளக்தான்.

மின்சாரம் ஒன்றே

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மலேசியாவிலும் அதேதான். முன்பு 240 வோல்ட்டாக இருந்த மலேசிய அளவு, 2008 ஜனவரி 1 முதல் 230 ஆனது. எனவே ஊர் மிக்சிக்கோ கிரைண்டருக்கோ இங்கு டிரான்ஸ்பார்மர் தேவையில்லை.

பிளக் வேறு

இரு நாட்டுப் பிளக்குகளும் ஆங்கிலேயர் காலத்து வழக்கிலிருந்து வந்தவை. இந்தியாவில் இன்றும் இருக்கும் மூன்று உருண்டை முனைகள் பழைய பிரிட்டிஷ் முறை. 1947இல் பிரிட்டன் தட்டையான மூன்று முனைகளுக்கு மாறியது. மலேசியாவும் சிங்கப்பூரும் அந்தப் புதிய முறையைப் பின்பற்றுகின்றன. இந்தப் பிளக்கினுள் பியூஸ் இருக்கும். இந்தியப் பிளக்கில் இருக்காது.

ஆபத்து எங்கே?

சாக்கெட்டின் மேல் துளையில் பேனாவை நுழைத்து, இரண்டு முனைப் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இதில் எர்த் இணைப்பு கிடைக்காது. மலிவான பல அடாப்டர்களிலும் எர்த் இருப்பதில்லை. கிரைண்டரின் உலோக உடலில் மின்கசிவு ஏற்பட்டால், அதை நிலத்துக்குக் கடத்துவது எர்த் கம்பி. அது இல்லாவிட்டால், ஈரக்கையோடு மாவை வழிப்பவர் உடல் வழியாக மின்சாரம் பாயும். கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருந்தாலும், எர்த்தும் அவசியம்.

செய்ய வேண்டியது

நீண்ட நாள் தங்குவோர் அடாப்டரை நம்பாமல், சிரிம் முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் வாங்கி மாற்றுவது நல்லது. பச்சை-மஞ்சள் கம்பி மேல் முனைக்கு (எர்த்), பழுப்பு பியூஸ் பக்கத்துக்கு, நீலம் மற்றதற்கு. பழைய இந்தியக் கம்பிகளில் சிவப்பு பழுப்புக்கும், கறுப்பு நீலத்துக்கும், பச்சை எர்த்துக்கும் சமம். சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிட வேண்டும். வெட்டிய பழைய பிளக்கைக் குழந்தைகள் எடுக்காதபடி அப்புறப்படுத்த வேண்டும்.

பியூஸைத் தேர்வு செய்ய, பொருளின் வாட் அளவை 230ஆல் வகுக்கலாம். 750 வாட் மிக்சி சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும். 5 ஆம்பியர் பியூஸ் போதும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 8.7 ஆம்பியர், அதற்கு 13 தேவை. எல்லாவற்றுக்கும் 13 போட்டால், கம்பி சூடேறினாலும் பியூஸ் உருகாது.

தனக்காக ஒன்று கொண்டு வருவது வேறு, விற்பனைக்குக் கொண்டு வருவது வேறு. கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மின்பொருள்களை விற்க, மலேசிய எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரச் சான்று வேண்டும்.

வேறு நாட்டுக்குப் போனால்?

பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கோ பிரிட்டனுக்கோ போகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே மிக்சிக்கு மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்பார்மர் தேவை. கிரைண்டருக்கு அதுவும் போதாது. டிரான்ஸ்பார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது; 50 ஹெர்ட்ஸுக்கான கிரைண்டர் மோட்டார் அங்கே வேகமாகச் சுழன்று சூடேறலாம். அந்த நாட்டுக்கென்றே செய்த கிரைண்டரை வாங்குவதே மேல். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜரில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் எங்கும் பயன்படுத்தலாம். பிளக் மட்டும் பொருந்தினால் போதும்.