கால் ஊன்றாமல்

புல்லட்டை நாம் போலீஸ்காரரின் வண்டியாக, பண்ணையாரின் வண்டியாக, சினிமாவில் மீசை முறுக்கும் அண்ணனின் வண்டியாகத்தான் அறிந்திருக்கிறோம். இன்று நாம் அறிந்த உருவில் அது முதலில் வெளியே தலைகாட்டியது சேற்றில். 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கோப்பை டிரையல்ஸ் போட்டிக்கு ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சில சோதனை வண்டிகளை அனுப்பியது. அவற்றின் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் ஸ்பிரிங் அமைப்பில் இருந்தது. பின்சக்கரம் அசையாமல் இறுகியிருந்தால்தான் சேற்றைப் பிடிக்கும் என்று அன்றைய ஓட்டுநர்கள் நம்பினார்கள். அதனால் பலர் முகம் சுளித்தார்கள். அதே ஆண்டு இத்தாலியின் சான்ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் டிரையலில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றார்கள். அதன்பிறகு முகச்சுளிப்பு அடங்கியது.

அந்த வண்டிதான் பின்னர் எங்கள் வடசென்னைக்கு வந்தது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைப் பகுதிகளுக்காகப் புல்லட்டுகளை வாங்கியது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அங்கிருந்து சில மைல் தொலைவில்தான் நான் வசிக்கும் மாத்தூர் இருக்கிறது. வண்டி திருவொற்றியூரில், டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். ஆலையும் அதே ஊரில். தென்சென்னையில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கம் புகையும் கன்டெய்னர் லாரியும்தான். உலகின் கரடுமுரடான பாதைகளுக்கென்று யோசித்துச் செய்யப்பட்ட ஒரு பொருள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எங்கள் தெருக்காரர்களின் கைகளில் உருவானது. எந்தக் கைகள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் டிரையல்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, வழுக்கும் சரிவு, மரவேர் எனச் சில மீட்டர் தூரத்துக்கு ஒரு பகுதியைக் குறித்துவிடுவார்கள். அதைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை கால் பட்டால் ஒரு மதிப்பெண் பிழை. வண்டி நின்றுபோனாலோ விழுந்தாலோ 5. குறைவாக வாங்கியவரே வென்றவர். சில நேரங்களில் நடைவேகத்துக்கும் கீழேதான் வண்டி நகரும். சமநிலையும் பொறுமையும், கிளட்ச் பிடியை நூலளவு தளர்த்தத் தெரிந்த விரல்களும்தான் அங்கே பலம். ஆண்மையின் சின்னமாக விற்கப்படும் வண்டியின் பூர்வீகம் இப்படியொரு விளையாட்டில் இருப்பது எனக்குச் சிரிப்பை வரவழைக்கிறது.

இதற்கு வண்டியைத் தயார் செய்வது ஏறக்குறைய களைந்துகொண்டே போகும் வேலை. தேவையில்லாத ஒவ்வொரு இரும்பும் கழற்றப்படும். முன்பக்கம் சின்ன ஸ்பிராக்கெட், பின்பக்கம் பெரியது. வேகம் குறைந்து இழுவை கூடும். பாறையில் இடிக்காதபடி சைலன்சர் மேலே ஏறும். நின்றபடி ஓட்ட ஏதுவாக ஃபுட்ரெஸ்ட் சற்றுப் பின்னுக்குப் போகும். டயரில் காற்றைக் குறைத்தால்தான் ரப்பர் கல்லின் மேல் படியும். காற்று குறைந்த டயர் ரிம்முக்குள் நழுவி டியூபின் வாயைப் பிய்த்துவிடாமல் இருக்க ஒரு பிடிப்பானைப் பூட்டுவார்கள். ஓடையில் இறங்கும்போது நின்றுவிடாதிருக்க மின்னிணைப்புகளில் கிரீஸ் தடவுவார்கள். கிளட்ச் கேபிள் அறுந்தால் மாற்றுவதற்கு இன்னொரு கேபிளை அதன் பக்கத்திலேயே ஒட்டிக் கட்டி வைப்பது பழைய ஓட்டுநர்களின் பழக்கம். எங்கள் பாட்டிகள் முந்தானையில் சில்லறையை முடிந்துவைத்த புத்திதான் இதுவும்.

ஆறு நாள் டிரையல் இதிலிருந்து வேறுபட்டது. 1913இல் தொடங்கிய அந்தப் போட்டியில் நாள் முழுக்க மலைப்பாதைகளில் குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும். இரவில் வண்டிகளை அடைத்துப் பூட்டிவிடுவார்கள். யாரும் தொட முடியாது. முக்கியமான பாகங்களுக்கு வண்ணக் குறியிட்டிருப்பதால் மாற்றினால் தெரிந்துவிடும். வழியில் எது உடைந்தாலும் ஓட்டுபவரே, தான் சுமந்துவந்த கருவிகளைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். மெக்கானிக், அண்ணன், கணவன், கம்பெனி ஆள் என எவரும் கைவைக்கக் கூடாது.

இந்த விதியை எழுதியவர்கள் பெண்களை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் பெண்களுக்கு அதைவிட நியாயமான ஒரு களம் அன்று கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். பெண்ணால் ஓட்ட முடியும், பழுது பார்க்க முடியாது என்ற பேச்சு இன்றைக்கும் பெட்ரோல் பங்க் வாசலில் கேட்பதுதான். இங்கே உதவி எல்லோருக்கும் ஒருசேர மறுக்கப்பட்டது. எனவே வென்ற பெண்ணின் வெற்றியைப் பின்னாலிருந்த ஆணின் கணக்கில் எழுத முடியவில்லை.

1927இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் நடந்த ஆறு நாள் டிரையலில் மார்ஜரி காட்டில், லூயி மெக்லீன், ஈடித் ஃபோலி என்ற மூவர் அணி பிரிட்டனுக்காகச் சர்வதேச வெள்ளிக் குவளையை வென்றது. பெண்களுக்கென்று தனியாக வைத்த பரிசு அல்ல அது. மற்ற நாட்டு ஆண்கள் அணிகளும் அதற்காகவே ஓடின. மார்ஜரி காட்டில் அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ராலே வண்டியில் பிரிட்டனின் கடற்கரையோரமாக நாட்டையே சுற்றி வந்தவர். கடல்வழிச் செலவைப் பெண்ணோடு சேர்க்காத தொல்காப்பியத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் கடலோரமாகவே போய்த் திரும்பிய இந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வேன். நம் அகப்பாடல்களில் பாலை வழியில் பொருள்தேடிப் போகிறவன் தலைவன். தேய்ந்த விரலால் நாளெண்ணிச் சுவரில் கோடிடுகிறவள் தலைவி. உடன்போக்கில் அவளும் அந்தப் பாதையில் நடக்கிறாள் என்பது உண்மை. அங்கும் வழி அவனுடையது.

இன்னும் நெருக்கமாக நான் உணர்வது ஓல்கா கெவலோஸை. 1923இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர்; தந்தை கிரேக்கர். இரண்டாம் உலகப் போரின்போது லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் இடையிலான கால்வாய்களில் சரக்குப் படகு ஓட்டிய பெண்களில் ஒருவர். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு சோடிப் படகைச் செலுத்துவார்கள்; போகும்போது உலோகம், வரும்போது நிலக்கரி, சுமார் 50 டன் சுமை. உள்நாட்டு நீர்வழி என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் அவர்களின் பதக்கத்தில் இருந்தன. அவற்றையே 'சோம்பேறிப் பெண்கள்' என்று விரித்துக் கேலி செய்தார்கள். 50 டன் கரியை இழுத்தவர்களுக்கு இந்தப் பெயர்! எண்ணூரில் கரியும் சாம்பலும் படிந்த வீட்டை நாளுக்கு மூன்று முறை துடைத்துவிட்டு 'வீட்ல சும்மாதான் இருக்கேன்' என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும்.

போர் முடிந்ததும் ஓல்கா மோட்டார் சைக்கிளுக்கு வந்தார். 1949இல் வேல்ஸில் நடந்த ஆறு நாள் டிரையலில் தங்கம். 1953இல் செக்கோஸ்லோவாக்கியாவில் மறுபடியும் தங்கம். கால்வாயில் கயிறும் என்ஜினும் பழகிய கைகள் அவருக்கு ஏற்கெனவே இருந்தன. போட்டிக்கான தயாரிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. பிற்காலத்தில் சகோதரருடன் சேர்ந்து ஒரு மதுக்கூடத்தை நடத்தினார், 2009இல் மறைந்தார்.

ஓட்டுநரைத் தயார் செய்வது என்று வரும்போது உடற்பயிற்சியைச் சொல்வார்கள், உணவைச் சொல்வார்கள். அந்த உணவைச் சமைத்தவர், சேறு படிந்த உடையைத் துவைத்தவர் எந்த வரலாற்றிலும் தயாரிப்பின் பகுதியாக வருவதில்லை. திருவொற்றியூர் ஆலையின் கதையிலும் அப்படித்தான். ஷிப்டுக்கு ஏற்ப விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கேரியர் கட்டிய கைகளும், காக்கிச் சட்டையின் கிரீஸ் கறையை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்த கைகளும் அந்த வண்டியின் உற்பத்தியில் சேர்ந்தவைதாம். புல்லட்டின் டேங்கில் தங்கக் கோட்டைக் கையால் இழுத்த ஓவியர்களைப் பற்றி ஊடகங்கள் எழுதின, எழுத வேண்டியதுதான். கேரியரைப் பற்றி எவரும் எழுதவில்லை.

தமிழ்நாட்டில் பெண்ணுக்குச் சக்கரம் கிடைத்த கதை தனியானது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. பிறகு ஸ்கூட்டி வந்தது. 2018இல் அரசு உழைக்கும் மகளிருக்கு இருசக்கர வாகனம் வாங்கப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகக் கொடுத்தது. 125 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிகளுக்கு. என் மாணவிகள் பலர் அப்படிப்பட்ட வண்டியில்தான் வருகிறார்கள். பேருந்து நெரிசலிலிருந்து அது தந்த விடுதலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கவனியுங்கள்: வேலைக்குப் போய் வீடு திரும்ப வேண்டிய வண்டி அது. கிளட்சும் கியரும் ஸ்பேனரும் அந்தக் கொடையில் இல்லை. எங்கோ போய்ச் சேர வேண்டிய தேவையில்லாமல், ஒரு பாறையைச் சும்மா ஏறிப் பார்ப்பதற்காக ஒரு பெண்ணுக்கு வண்டி எதற்கு என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அந்தக் கேள்வியைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2018இல் ஸ்பெயினின் அரகான் பாஹா பந்தயத்தில் விழுந்து கணையத்தில் காயம்பட்டார். அடுத்த ஆண்டு துபாய், போர்ச்சுகல், ஸ்பெயின், ஹங்கேரி எனச் சுற்றி ஓடிய பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பிரிவில் பட்டம் வென்றார். மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்று நாளேடுகள் எழுதின. அதே 2019இல் ராயல் என்ஃபீல்டு தன் சேற்றுப் பூர்வீகத்தை நினைத்துக்கொண்டு உயர்த்திய சைலன்சரும் ஒற்றை இருக்கையுமாக 'புல்லட் டிரையல்ஸ்' என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையலை 1952இலும் 1957இலும் புல்லட்டில் வென்ற ஜானி பிரிட்டனுக்கு அது காணிக்கை.

டிரையல்ஸுக்குப் பந்தயப் பாதை தேவையில்லை. முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் நடந்த பந்தயங்களுக்கு வேண்டியிருந்த பணமும் வேண்டியதில்லை. பழைய 100 சிசி வண்டி ஒன்று, பத்தடிச் சரிவு, நாலு கருங்கல், ஒரு லாரி டயர் போதும். மாத்தூரில் அப்படிப்பட்ட காலிமனைகள் உண்டு. மாலை நான்கு மணிக்கு மேல் எல்லாவற்றிலும் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பயிற்சியின் முதல் பாடத்தில் வண்டி நகர்வதேயில்லை. என்ஜினை அணைத்து, ஹேண்டில்பாரை ஒருபுறம் திருப்பி, இரண்டு கால்களையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து, நின்ற இடத்திலேயே விழாமல் நிற்க வேண்டும். முதலில் மூன்று விநாடி, பிறகு பத்து, பிறகு ஒரு நிமிடம். இரண்டாம் பாடம் பின்சக்கரத்தைக் கழற்றி டியூபை மாற்றிப் பூட்டுவது. அதை வெளிச்சத்தில் நாலைந்து முறை செய்துவிட்டு, பிறகு இருட்டில் செய்ய வேண்டும். நட்டுகள் எங்கே வைத்தோம் என்பது கைக்குத் தெரியும்வரை.