முறிந்த பிளீடர் திருகு: காலிப்பரைக் காப்பாற்றலாமா, மாற்றலாமா?

பிரேக்கில் காற்று எடுக்க ஸ்பேனரை வைத்துத் திருப்பும்போது பிளீடர் திருகு கழுத்தோடு முறிந்துபோவது பழைய கார்களில் அடிக்கடி நடப்பதுதான். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் அதற்குக் காரணமும் அதிகம். ஜெராம், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் பக்கம் உப்புக் காற்று. உள்ளே திரும்பினால் தோட்டத்துச் செம்மண் சேறு. செம்பனைக்கு இடும் பொட்டாஷ் உரமும் ஒரு குளோரைடு உப்புதான். உர மூட்டை ஏற்றிய வண்டியின் அடிப்பகுதியில் அது படிந்து, மழை பட்டதும் இரும்பை அரிக்கும். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் நடந்த தென்னமரம் தோட்டமும் இதே வட்டாரத்தில்தான் உள்ளது.

இந்தத் திருகு உள்ளே குழாய்போல் துளை கொண்டது. அதனால் சுவர் மெல்லியது. அதன் கூம்பு முனை காலிப்பருக்குள் இருக்கும் இருக்கையில் அழுந்தித்தான் பிரேக் எண்ணெய் அடைபடுகிறது. எண்ணெயை அடைப்பது மரை அல்ல, அந்த முனை. முறிந்ததை எடுக்கும் வேலையில் மரை கொஞ்சம் சேதமானாலும் சமாளிக்கலாம். இருக்கை கீறுபட்டால் அந்தக் காலிப்பரை நம்ப முடியாது.

இன்னும் முறியாமல் இறுகி நிற்கும் திருகுக்கு வாய் திறந்த ஸ்பேனர் ஆகாது. ஆறு பட்டைச் சாக்கெட் வேண்டும். துரு இளக்கும் எண்ணெயை மரையோரம் சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, தலையில் லேசாகத் தட்டி, முதலில் ஒரு நூல் இறுக்கிப் பிறகு தளர்த்திப் பார்க்க வேண்டும். அந்த எண்ணெய் பிரேக் எண்ணெயில் கலந்தால் ரப்பர் சீல் உப்பிவிடும். அள்ளித் தெளிப்பது கூடாது.

முறிந்த பின் ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாதி அதிர்ஷ்டம். நடுத்துளையில் சரியாகப் பொருந்தும் டிரில் பிட்டின் மழுங்கிய பக்கத்தைச் செருகி, வெளியே வைஸ் கிரிப் கொண்டு பிடித்தால் துண்டு நசுங்காமல் திரும்பும். அதற்கும் அசையாவிட்டால் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பதே கைகண்ட வழி. வெல்டிங் சூடே துருவை இளக்கிவிடும். ஆனால் காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனையும் சீலையும் எடுத்து, பிரேக் எண்ணெய் இல்லாமல் துடைத்த பிறகே நெருப்பு. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இரும்பில் சூடு காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். நாலாபுறமும் அடைத்த கொட்டகையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

உள்ளேயே முறிந்திருந்தால் பலர் எக்ஸ்ட்ராக்டரைத் தேடுவார்கள். இங்கே அது பல நேரம் காரியத்தைக் கெடுக்கும். மெல்லிய சுவரை அது வெளிப்புறமாக விரித்து இன்னும் இறுக்கும். கடினமான எஃகு என்பதால் உள்ளே அதுவே உடைந்தால் சாதாரண பிட் அதைத் துளைக்காது. இருக்கும் துளையையே வழியாக வைத்து, சிறிய பிட்டில் தொடங்கி ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்குவது மேல். இடப்பக்கம் சுற்றும் பிட் கிடைத்தால் துண்டு தானாகவே வெளியே வந்துவிடுவதும் உண்டு. 8 மி.மீ., 1.25 மரைக்கு 6.8 மி.மீ. வரைதான் துளைக்கலாம். 10 மி.மீ., 1.0 மரைக்கு 9 மி.மீ. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்குப் புதிய திருகே அளவுகோல்: மரை முடியும் இடம் வரை அளந்து பிட்டில் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே இருக்கை. மிச்ச மரைச் சுருளைக் கொக்கியால் எடுத்து, டாப் போட்டு, இரும்புத்தூள் ஒன்றும் தங்காமல் கழுவிக் காற்றால் ஊத வேண்டும்.

இருக்கை போய்விட்டால் வேறு காலிப்பர்தான். பிஸ்டன் துருப்பிடித்து, தூசு ரப்பரும் கிழிந்திருந்தால் இவ்வளவு பாடுபடுவதும் வீண். மாற்றும்போது இடம் வலம் பார்க்க வேண்டும். பிளீடர் திருகு மேல்பக்கம் வர வேண்டும், கீழே இருந்தால் காற்று வெளியேறாது. பின்சக்கர டிரம் பிரேக்கில், பல சாகா, கஞ்சில் ரகங்களில் உள்ளதுபோல, முறிந்தது வீல் சிலிண்டரின் திருகு என்றால் யோசிக்காமல் சிலிண்டரையே மாற்றலாம்.

துளையைப் பசையாலோ ஏதோ ஒரு திருகாலோ அடைத்து ஓட்டுவதும், அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயை முடிப்பதும் செய்யக்கூடாதவை. பலமாக மிதிக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம் டயர் காற்றைப்போல் 20 மடங்குக்கும் மேல். ஒட்டிய பசை பிய்த்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் அவசரமாக மிதிக்கும் நேரமாகத்தான் இருக்கும். அப்போது பின்னிருக்கையில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கலாம்.

வேலை முடிந்ததும் புதிய திருகை மிதமாக மட்டும் இறுக்கி, காற்று எடுத்து, என்ஜினை ஓடவிட்டுப் பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தபின் திருகைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூ வைத்துப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் வண்டி வெளியே போகக்கூடாது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டோட் 3 புதிதில் 205 பாகை வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். அப்படி அவ்வப்போது அசையும் திருகு எளிதில் துருப்பிடித்து இறுகாது. தலையில் அந்தச் சிறிய ரப்பர் மூடி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.