ஆட்சேபணை மனுவுக்கு வெளியே: எட்டுவழிச் சாலை ஆவணங்களில் சேலத்து மக்களின் குரல்

சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு எதிராக 2018இல் எழுந்த போராட்டம் குறித்து ஆய்வாளர் சிலரிடையே ஒரு கருத்து ஏறத்தாழ உறுதிப்பட்டுவிட்டது. அது பட்டாதாரர்களின் சொத்துப் போராட்டம். சுற்றுச்சூழல், சமூகநீதி என்ற பேச்செல்லாம் வெளியிலிருந்து வந்தவர்கள் பூசிய பூச்சு என்கிறது அக்கருத்து. நிலம் எடுக்கும் அதிகாரியிடம் உழவர்கள் கொடுத்த ஆட்சேபணை மனுக்களே அதன் முதன்மைச் சான்று. மனுக்களில் சர்வே எண்ணும் கிணறும் தென்னையும் பாக்கும் இருக்கின்றன; கூலிக்காரரும் குத்தகைக்காரரும் ஆடு மேய்ப்பவரும் இல்லை. ஆகவே மக்களின் கவலை சொத்தைத் தாண்டவில்லை என்று வாதம் முடிகிறது.

மனுக்களில் அவர்கள் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. அந்த இன்மையிலிருந்து எட்டப்படும் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. யார் எழுதலாம், எதைப் பற்றி எழுதலாம் என்று சட்டம் முன்கூட்டியே வரையறுத்த ஒரு தாளை, மக்கள் மனத்தின் நேரடிச் சாட்சியமாகப் படிக்கிறார்கள். சான்று எப்படி உருவானது என்று கேட்காமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் எண்ணுவதால் வரும் பிழை இது.

277 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுமார் 10,000 கோடி ரூபாயில் திட்டமிடப்பட்ட இச்சாலைக்கான நில எடுப்பு, 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ் நடந்தது. 1997இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவுகளில் 3சி, ஆட்சேபணைக்கு உரியது. நிலம் எடுக்கும் நோக்கத்தைச் சொல்லும் 3ஏ அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள், ‘நிலத்தில் உரித்து உடையவர்’ எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். அதிகாரி அவரையோ அவருடைய வழக்கறிஞரையோ கேட்டுவிட்டு இடும் ஆணையே இறுதியானது. எதை ஆட்சேபிக்கலாம் என்பதில் பிரிவு இன்னும் கறார். நிலம் எடுக்கப்படுவதைப் பொதுவாக எதிர்க்கும் உரிமை 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஏ பிரிவில் இருந்தது; 3சி தருவது மிகக் குறுகிய உரிமை, அறிவிக்கையில் சொன்ன நோக்கத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்கு நிலம் பயன்படுவதை மட்டுமே அதன்கீழ் ஆட்சேபிக்கலாம் என்று பாராங்கூர் சணல் ஆலை வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வாசலுக்குள் நுழையும் மனு என்ன செய்யும்? முதலில் தனக்கு நுழையும் தகுதி உண்டென்று காட்டும். அதற்குப் பட்டா, சிட்டா, அடங்கல் நகல்கள் வேண்டும், சர்வே எண் வேண்டும், நான்கெல்லை வேண்டும். கிணறும் தென்னையும் பாக்கும் வருவதற்கும் காரணம் இருக்கிறது. மண்ணோடு பிணைந்தவற்றையும் ‘நிலம்’ என்றே இச்சட்டம் கொள்கிறது. மரம் எழுதப்பட்டது அது சட்டத்தின் கணக்கில் நிலம் என்பதால்தான். எழுதியவருக்கு மரத்தைத் தவிர வேறு கவலையில்லை என்று அதிலிருந்து எப்படிப் பெறுவது? அதே வரையறை நிலத்திலிருந்து கிடைக்கும் பயன்களையும் நிலம் என்கிறது. குத்தகையையும் மேய்ச்சலையும் அதற்குள் அடக்கிப் படிக்க இடமுண்டு. வருவாய்த் துறை நடைமுறையோ பட்டாவைத் தாண்டிப் படிப்பதில்லை.

பூலாவரி, ராமலிங்கபுரம், ஆச்சாங்குட்டப்பட்டி, குப்பனூர் என்று சாலை கடக்கவிருந்த ஊர்களின் வேளாண்மையை அறிந்தவர்களுக்கு, இந்த வாசலில் நின்றுவிட்டவர்கள் யார் என்பது தெரியும். வாரத்துக்கும் குத்தகைக்கும் வாய்ச்சொல்லில் காட்டை எடுத்து உழுபவர்கள் முதலில் வருகிறார்கள். குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யத் தமிழகத்தில் 1969இலேயே சட்டம் வந்தது. வாய்ச்சொல் குத்தகை அந்தப் பதிவேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. மலையடிவாரப் புறம்போக்கில் இரண்டு மூன்று தலைமுறையாகப் பயிர் வைத்தவரிடம் இருப்பது பி-மெமோ ரசீது. ஆக்கிரமிப்புக்குக் கட்டிய அபராதத்தின் அந்த ரசீதையே அவர் அனுபவத்துக்கு ஆதாரமாகப் பெட்டியில் வைத்திருக்கிறார். 3சியின் முன் அது அவரை ஆக்கிரமிப்பாளராகத்தான் காட்டும். மரவள்ளி நட்டு, களையெடுத்து, கிழங்கு பிடுங்கி, சேகோ ஆலைக்கு வண்டியேற்றும் கூலியாட்களுக்கு அந்த ரசீதும் கிடையாது. பெண்களின் நிலை வேறு. மகள்களுக்குப் பிதிரார்ஜிதத்தில் சம பங்கு தரும் தமிழகத் திருத்தம் 1989இலேயே நடப்புக்கு வந்திருக்க, பட்டா பெரும்பாலும் அப்பன் பெயரிலும் அண்ணன் பெயரிலும்தான் கிடக்கிறது. அளவுக்கல் நட வந்தவர்களின் முன் மண்ணில் விழுந்து அழுத பெண்களைத் தமிழகம் தொலைக்காட்சியில் பார்த்தது. அவர்களில் எத்தனை பேர் தங்கள் பெயரில் மனுப் போட்டிருக்க முடியும்?

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தை அருகில் வைத்தால் முரண் இன்னும் துலங்கும். ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் அது வேளாண் கூலிகளையும் குத்தகைதாரரையும் வாரதாரரையும் கொண்டுவந்தது. சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. ஆனால் நெடுஞ்சாலைச் சட்டம் அதன் நான்காம் அட்டவணையில் விலக்குப் பெற்றவற்றுள் ஒன்று. இழப்பீடும் மறுவாழ்வும் 2015 ஆகஸ்டு 28 ஆணையால் விலக்குப் பெற்ற சட்டங்களுக்கும் நீட்டிக்கப்பட்டன, மதிப்பீடு நீட்டிக்கப்படவில்லை. பாதிப்புக் கணக்கில் கூலிக்காரர் உண்டு, பேச்சுக் கணக்கில் இல்லை.

பட்டாதாரர்களின் சான்றாவது குறையற்றதா? அதுவும் இல்லை. நிலம் அரசிடம் சேர்வதற்கு 3டி அறிவிக்கை வர வேண்டும். அதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் டி.எஸ். சிவஞானம், பவானி சுப்பராயன் அமர்வு 3ஏ அறிவிக்கைகளை ரத்து செய்தபோது, பெயர்களைப் பழையபடி திருத்தவும் ஆணையிட்டது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றது. ஆனால் பெயர் மாற்றம் பற்றிய ஆணையை அப்படியே நிலைநிறுத்தியது. அறிவிக்கைகள் செல்லுமா என்பதில் முரண்பட்ட இரு தீர்ப்புகள் இதில் ஒன்றுபட்டன. யாருக்கு உரித்து உண்டு என்று காட்ட வேண்டிய பதிவேடே நடைமுறையின் நடுவில் கைவைக்கப்பட்டிருந்தது என்பதை, மனுக்களை எண்ணுபவர்கள் ஏனோ பொருட்படுத்துவதில்லை.

நிலமற்றவர்கள் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்பில் பேசலாமே என்ற மறுப்பு கவனத்துக்குரியது. அனுமதி பணி தொடங்குவதற்கு முன் வேண்டும், 3ஏ அறிவிக்கைக்கு முன் வேண்டியதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். வரலாற்றாசிரியருக்கு அதன் விளைவுதான் முக்கியம்: தடம் குறிக்கப்பட்டு, கல் நடப்பட்டு, பட்டாதாரர் விசாரிக்கப்பட்ட பின்னரே மற்றவர் வாய் திறக்கலாம். அதற்குள் ‘சாலை வேண்டுமா’ என்ற கேள்வி கடந்துபோய், ‘எத்தனை மரம் நடுவீர்கள்’ என்பதே மிஞ்சியிருக்கும். கூலிகளின் வாய்மொழிச் சான்று இயக்கத்தவர் சொல்லிக் கொடுத்தது என்ற இன்னொரு மறுப்பும் உண்டு. பட்டாதாரரின் மனுவை மட்டும் வழக்கறிஞர் எழுதிக் கொடுக்கவில்லையா? அதற்கு மேல் அம்மறுப்புக்கு விடை தேவையில்லை.

போராட்டத்தை நிலவுடைமையாளர்களே முன்னெடுத்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளலாம். கூலிகளின் நலனும் அவர்கள் நலனும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கூலி உயர்வு கேட்ட நாளில் யார் எங்கே நின்றார்கள் என்பது அந்தந்த ஊருக்குத் தெரியும். ஆனால் 2018 ஜூனில் பியூஷ் மனுஷ் போன்ற செயல்பாட்டாளர்கள் கைதாவதற்கும், கிராமத்தார் போலீசாரால் அப்புறப்படுத்தப்படுவதற்கும் இட்டுச்சென்ற எதிர்ப்பை, 3சி மனுக்களின் அளவுக்குச் சுருக்க ஆதாரம் இல்லை. பி-மெமோ பதிவேடுகள், முன்னெச்சரிக்கைக் கைதுப் பட்டியல்கள், உயர் நீதிமன்றத்தில் தாக்கலான பிரமாண வாக்குமூலங்கள், கூலிகளின் வாய்மொழி ஆகியவற்றை மனுக்களோடு ஒப்பிட்டுப் படிக்காத வரை, ‘சொத்துப் போராட்டம்’ என்ற முடிவு நிறுவப்படாத ஊகமே.