தாங்குவோரைத் தாங்குதல்

தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளியைத் தட்டியெழுப்பித் தூக்க மாத்திரை கொடுக்கும் நர்ஸைப் பற்றிய நகைச்சுவைத் துணுக்கை நம்மில் பலரும் படித்திருப்போம். சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். அதே காட்சி, 1960-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில், சிரிப்புக்குச் சற்றும் இடமில்லாத தொனியில் பதிவாகியிருக்கிறது. அந்தச் செவிலி ஏன் அவ்வாறு செய்கிறாள் என்று கட்டுரையாளர் கேட்டார். அவள் அறிவற்றவள் என்பதனால் அன்று, அவளைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் ஏற்பாடு அச்சத்தின் மீது எழுப்பப்பட்டது என்பதனால்தான் என்ற விடையை அவர் கண்டடைந்தார்.

பிறர் துயரைத் துடைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் மனம் என்ன ஆகிறது? செவிலியர், மருத்துவர், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோரைக் குறித்து இக்கேள்வி வெளிப்படையாகக் கேட்கப்பட்டு இன்னும் நூறாண்டுகூட நிறையவில்லை. அதற்குமுன் அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டு: ஒன்று புகழ், மற்றொன்று ஒழுங்குவிதி. இவ்விரண்டும் அவர்களைக் காத்தனவா என்பதை வரலாற்றின் வழியே சற்று எண்ணிப்பார்க்க முயல்வோம்.

*

1854 நவம்பரில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களுடன் கிரீமியப் போரின் பின்களமான ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தார். கைவிளக்கேந்திய சீமாட்டியின் கதையைப் பள்ளிப் பாடமாக நாம் அனைவரும் படித்திருக்கிறோம். பாடம் முடியும் இடத்திற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாகப் படித்ததில்லை. 1855-இல் அவர் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார்; பிழைத்தார். 1856-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வீழ்ந்தார். அதன்பின் 1910-இல் தமது தொண்ணூறாம் வயதில் இறக்கும்வரை அவருக்கு வாய்த்த நீண்ட வாழ்வின் பெரும்பகுதி அறைக்குள்ளேயே, பல ஆண்டுகள் படுக்கையிலேயே, கழிந்தது. எழுதினார், ஆணையங்களை இயக்கினார், அமைச்சர்களைத் தம் அறைக்கு வரவழைத்தார். ஆனால் பழைய உடல்நலம் திரும்பவில்லை. அது கிரீமியாவில் தொற்றிய புரூசெல்லா கிருமியின் நீடித்த வேலை என்பார் உண்டு. மனத்தின் நோய் என்பார் உண்டு. காரணம் எதுவாயினும், விளக்கேந்தியவர் நலிந்து கிடந்த அறைக்குள் விளக்கேந்திச் செல்லும் வழக்கம் அன்றைக்கு எவரிடமும் இருக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

1860-இல் இலண்டனின் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. சீருடை, கீழ்ப்படிதல், மேலிருந்து கீழாகப் படிநிலை, நேரந்தவறாமை என்று உலகெங்கும் பரவிய செவிலிப் பண்பாட்டிற்கு அதுவே ஊற்றுக்கண். அவ்வொழுங்கு எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒழுங்குக்குள் நின்றவர்களின் மனத்திற்குள் அது என்ன செய்தது என்பதை ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சரியாக நூறாண்டுகள் ஆயின.

*

அவ்வாறு பார்த்தவர் இசபெல் மென்சீஸ் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, உளப்பகுப்பாய்வாளர், இலண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்நகரின் பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்று தன் செவிலியர் பணி ஒதுக்கீடு குலைந்துபோகுமோ என்று அஞ்சி அந்நிறுவனத்தின் உதவியை நாடியிருந்தது. அங்கே சுமார் 700 செவிலியர். அவர்களுள் பயிற்சி முடித்தவர்கள் ஏறத்தாழ 150 பேர் மட்டுமே, எஞ்சியோர் மாணவியர். மாணவியருள் மூன்றில் ஒரு பங்கினர் பயிற்சியை முடிக்காமலேயே விலகிக்கொண்டிருந்தனர்.

மென்சீஸ் கண்டவை நமக்கும் புதியன அல்ல. நோயாளியைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. பத்தாம் படுக்கையின் ஈரல் என்றே குறிப்பிட்டார்கள். ஒரு மாணவி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனிப்பதில்லை. முப்பது பேருக்கும் ஒரே வேலையைச் செய்துகொண்டு போனாள். ஒரு வார்டில் மனம் ஒட்டத் தொடங்கும்போதே வேறொரு வார்டுக்கு மாற்றப்பட்டாள். சிறு முடிவுகளும் பலமுறை சரிபார்க்கப்பட்டன, மேலே மேலே தள்ளப்பட்டன. இன்ன நேரத்தில் மாத்திரை என்று பட்டியலில் இருந்தால், நோயாளி உறங்கினாலும் எழுப்பித் தரப்பட்டது. கண்ணீர் சிந்தியவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. மனத்தை அடக்கிக்கொள் என்ற கண்டிப்பே கிடைத்தது.

இவற்றையெல்லாம் வெறும் நிர்வாக மடமை என்று அவர் ஒதுக்கிவிடவில்லை. இளம்பெண்ணொருத்தி அந்நியரின் உடலைத் தொட்டுத் துடைக்கிறாள், வலியில் அலறுபவரைப் பிடித்துக்கொள்கிறாள், இறந்தவரின் கண்களை மூடுகிறாள். இதனால் எழும் அச்சமும் குற்றவுணர்வும் தாங்கவொண்ணாதவை. அவற்றை உணராமலிருக்கவே, யாரும் திட்டமிடாமல், தலைமுறை தலைமுறையாக அந்த நிறுவனம் தனக்கென்று ஓர் அரணைக் கட்டிக்கொண்டது என்பதே மென்சீஸின் வாதம். நோயாளியை ஈரலாகச் சுருக்கிவிட்டால் ஈரல் இறக்கலாம்; மனிதர் இறக்கமாட்டார்.

அந்த அரண் பயன் தரவில்லை என்பதுதான் கட்டுரையின் உயிர்நாடி. அது பழைய அச்சத்தைத் தீர்க்காமல் மேலும் ஓர் அச்சத்தைப் பெற்றெடுத்தது. அத்துடன், ஒருவரைப் பேணி நலமாக்கி வீட்டுக்கு அனுப்பிவைக்கும் மகிழ்ச்சியையும் செவிலியிடமிருந்து பறித்துக்கொண்டது. விலகிச் சென்றவர்களில் பலர் வலுவற்றவர்கள் அல்லர். ஆழ்ந்த அக்கறையும் முதிர்ச்சியும் உடையவர்களே என்று மென்சீஸ் கருதினார். இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தாக்குப்பிடிக்க முடியாதவர் வெளியேறினார் என்று சொல்வது எளிது. தாக்குப்பிடித்தல் என்பதற்கே அந்த நிறுவனம் மரத்துப்போதல் என்று பொருள் கொண்டிருந்தால், வெளியேறியவரின் குறை என்ன?

*

கிரஹாம் கிரீனின் 'எ பர்ன்ட்-அவுட் கேஸ்' நாவல் வெளிவந்ததும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். காங்கோவின் தொழுநோய் இல்லத்தில் நிகழும் கதை. நோய் தன் வேலையை முடித்து, விரல்களைத் தின்றுவிட்டு, இனி எடுத்துக்கொள்ள ஏதுமின்றித் தணிந்துபோன நோயாளியைக் குறிக்கும் சொல் அது; எரிந்து அணைந்தவர் என்று தமிழில் கொள்ளலாம். 1974-இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் ஏறக்குறைய அதே சொல்லை மருத்துவம் பார்ப்பவர்களுக்குச் சூட்டினார். நாஜி ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பி அமெரிக்கா வந்தவர் அவர். பகலில் தம் தொழிலை முடித்துக்கொண்டு இரவில் நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றில் தொண்டாற்றினார். அங்கே ஊதியம் கருதாமல் உழைத்தவர்கள் சில காலத்தில் சோர்ந்து, எரிச்சலுற்று, தாம் நேசித்த வேலையையே வெறுக்கத் தொடங்குவதைக் கண்டார். தமக்குள்ளும் அதைக் கண்டார்.

இன்று பர்ன் அவுட் என்ற சொல் எல்லா அலுவலகங்களிலும் புழங்கித் தேய்ந்துவிட்டது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயென்று சொல்லாமல், சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவென்று வரையறுத்தது. மென்சீஸ் ஒரு மருத்துவமனையில் கண்டதை இவ்வரையறை வேறு சொற்களில் சொல்வதாகவே நமக்குத் தோன்றுகிறது: பழுது ஆளிடம் மட்டும் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

*

மௌனம் தீங்கென்றால் பேசவைப்பதே மருந்தாகிவிடுமா? அடுத்த அத்தியாயம் இக்கேள்வியைப் பற்றியது. 1983-இல் ஜெப்ரி மிட்செல் என்ற அமெரிக்கர் ஒரு முறையை வகுத்து வெளியிட்டார். தீயணைப்பிலும் அவசர மருத்துவ ஊர்தியிலும் பணியாற்றியவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. கோரமான விபத்தொன்றைக் கையாண்ட குழுவினரை ஓரிரு நாள்களுக்குள் ஒன்றுகூட்டி, கண்டதை, நினைத்ததை, உணர்ந்ததைப் படிப்படியாகச் சொல்லவைப்பதே அம்முறை. தீயணைப்பு நிலையங்களிலும் காவல்துறையிலும் உலகெங்கும் அது பரவியது. பரவிய வேகத்தில், விபத்தில் சிக்கியவர்களுக்கும் அதைத் தனித்தனியே கொடுக்கத் தொடங்கினார்கள்.

பின்னர் ஆய்வுகள் வந்தன. சாலை விபத்தில் அடிபட்டவர்கள், தீக்காயம் பட்டவர்கள் போன்றோரிடம் செய்யப்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பீடு, இத்தகைய ஒற்றை அமர்வு பிற்கால மனநோயைத் தடுக்கவில்லை என்று கூறியது. சிலருக்கு நிலைமை மோசமானதற்கான அறிகுறியும் அதில் இருந்தது. 2005-இல் பிரித்தானிய வழிகாட்டு நெறிகள் அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றன. தம் முறை பணிக்குழுக்களுக்கானது, தனியொரு நோயாளிக்கானதன்று என்று மிட்செல் தரப்பினர் மறுத்தனர். அதிலும் நியாயம் உண்டு. எவ்வாறாயினும், ஆறத் தொடங்கும் புண்ணை ஆறும் முன்பே கிளறினால் என்னவாகும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்ததே. பேசும் உரிமை வேறு, பேசியே ஆகவேண்டும் என்ற கட்டளை வேறு என்பதே அவ்விவாதத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க பாடம்.

உரிமையாக அமைந்த ஓர் ஏற்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் நாற்பதாம் வயதில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆளாகி 1995-இல் இறந்தார். தம்மைப் பேணியவர்களின் சிறு சிறு கனிவுகளே தாங்கமுடியாததைத் தாங்கச் செய்தன என்பதை இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு கட்டுரையாக எழுதியிருந்தார். அக்கனிவு வற்றாமலிருக்க வேண்டும் என்ற அவருடைய விருப்பத்திலிருந்து பிறந்தவை ஷ்வார்ட்ஸ் சுற்றுகள். மாதத்தில் ஒரு மணிநேரம், உணவு உண்டு, மருத்துவர், செவிலி, துப்புரவுப் பணியாளர், எழுத்தர் என எவரும் வரலாம். மூன்று நான்கு பேர் தம்மை உலுக்கிய ஒரு நிகழ்வைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்பார்கள், விரும்பினால் பேசுவார்கள். தீர்வு காண்பதில்லை, தீர்ப்பு வழங்குவதில்லை. 2009 முதல் பிரித்தானிய மருத்துவமனைகளிலும் இது நடக்கிறது. பெரிய மருத்துவர் ஒருவர் தாமும் அன்றிரவு உறங்கவில்லை என்று சொல்லக் கேட்கும் இளம் செவிலிக்கு, தான் மட்டுமே பலவீனமானவள் என்ற எண்ணம் விலகுகிறது. மென்சீஸ் கண்ட மருத்துவமனையில் இல்லாமற்போனது இதுவே.

*

இது மேலை நாட்டுக் கதைதானே என்று எவரேனும் கேட்கலாம். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நாமெல்லாம் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினோம். சரியாக நான்கு வாரம் கழித்து, ஏப்ரல் 19 ஞாயிறு இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் காயமுற்றனர். சக மருத்துவர் ஒருவரே ஊர்தியைச் செலுத்திச் சென்று, மருத்துவமனை ஊழியர் இருவருடன் சேர்ந்து, மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளி நண்பரை அடக்கம் செய்தார். சில நாள்களிலேயே 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பணியாளரைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை வகுக்கப்பட்டது. நன்று. ஆனால் நண்பனின் குழியைத் தானே மூடியவரும், கல்லடி பட்ட ஓட்டுநரும் அடுத்த பணிக்கு எந்த மனத்துடன் திரும்பியிருப்பார்கள் என்பது சட்டம் தொடாத இடம்.

தொடவேண்டிய இடங்கள் மிகவும் சாதாரணமானவை. பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் வாரத்திற்கு 48 மணியைத் தாண்டலாகாது என்று 1992-இலேயே இந்திய அரசின் விதி சொன்னது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணியைத் தாண்டவேண்டாம் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளில் நாம் முன்னேறிய திசையை அவ்விரு எண்களும் சொல்லிவிடுகின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில், நீண்ட பணிக்கிடையே ஓய்வெடுக்கக் கருத்தரங்க அறைக்குச் சென்ற இளம் மருத்துவர் கொல்கத்தாவில் கொல்லப்பட்டபோது, 36 மணிநேரப் பணிகளையும் ஓய்வறைகள் இல்லாமையையும் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

மனத்திண்மை வளர்க்கும் பயிலரங்குகளும் தியான வகுப்புகளும் இன்று மருத்துவமனைகளில் நடக்கின்றன. அவை வீண் என்று நாம் சொல்லவில்லை. உறங்க ஓர் அறை, பணியின் நேரத்திற்கு ஒரு வரம்பு, கூட நின்று கேட்க ஒரு மூத்தவர், அழுதால் இழிவில்லை என்ற உறுதி இவையெல்லாம் இல்லாத இடத்தில் திண்மையைக் கற்பிப்பது, சுமையைக் குறைக்காமல் முதுகை மட்டும் குறைசொல்வதாகும். தேவதை என்றும் வீரர் என்றும் புகழும்போதும் இதைத்தான் செய்கிறோம். தேவதைக்குப் பசியும் உறக்கமும் கிடையாதல்லவா?

இனி அந்தப் பழைய துணுக்கை எங்கேனும் காண நேர்ந்தால் நாம் சிரிப்போம், சிரிக்கலாம். கூடவே ஒன்றையும் நினைத்துக்கொள்ளலாம். நள்ளிரவில் அந்த வார்டில் உறங்காமலிருப்பவள் அவள் ஒருத்திதான்.