கிளுவை வேலிக்கு நடுவே ஒரு தடம்

சோழன் போட்ட சாலைக்குக் கல்வெட்டு உண்டு. கோயம்புத்தூருக்கு மேற்கே, சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று தமிழிலும் வட்டெழுத்திலும் வெட்டி வைத்திருக்கிறார்கள். தர்மபுரிச் சீமையில் அதியமான் பெருவழி ஓரம் நட்ட காதக் கல்லில் தூரத்தை எண்ணாக எழுதியதோடு விடாமல், எழுத்தறியாதவரும் எண்ணிக்கொள்ளும்படி குழிகளாகவும் செதுக்கினார்கள். எங்கள் காங்கயம் வட்டாரத்து இட்டேரிக்கு அப்படி ஒரு துண்டுக் கல்கூடக் கிடையாது. பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் இரண்டு பேர் அவரவர் எல்லையில் கிளுவை வேலி போட்டார்கள். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்கு இடம் விட்டார்கள். அதுதான் இட்டேரி.

நான் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த புதிதில் கோமாரிக்கும் சப்பை நோய்க்கும் ஊசி மருந்தை ஐஸ் போட்ட குடுவையில் வைத்து, கேரியரில் கட்டிக்கொண்டு, ஹெர்குலிஸ் சைக்கிளில் இட்டேரி இட்டேரியாகப் போவேன். தார் ரோட்டில் போனால் ஊர் வரும், மாடு வராது. மாடு தோட்டத்துச் சாளையில் இருக்கும், இல்லையென்றால் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் மேயும். இரண்டுக்கும் இட்டேரிதான் வழி.

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இளவட்டங்கள் காருக்குப் பின்னால் கியர் சைக்கிளை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக். சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர், அரச்சலூர் என்று தனித்தனியாக நிற்கும் குன்றுகளுக்கு நடுவே பூமி இங்கே மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். வடக்கே சாய்ந்தால் நொய்யல், தெற்கே சாய்ந்தால் அமராவதி. மூச்சு வாங்காமல் நாளெல்லாம் மிதிக்கலாம். “ஐயா, இந்தத் தடம் எங்கீங்க போகுது?” என்று வழியில் யாரையாவது கேட்பார்கள். “எங்க தோட்டத்துக்குத்தானுங்க கண்ணு போகுது” என்று பதில் வரும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் இட்டேரியின் வரலாறு முழுக்க அந்தப் பதிலில் இருக்கிறது. பெருவழி பட்டணத்துக்குப் போகும். இட்டேரி காட்டிலிருந்து காட்டுக்குப் போகும்.

ரோமானியரோடு நடந்த வியாபாரமே இந்த இட்டேரிகள் வழியாகத்தான் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. வியாபாரம் நடந்தது நிஜம்தான். நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி செய்த பட்டறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பச்சைக்கல் கிடைத்த படியூர், காங்கயத்திலிருந்து திருப்பூர் போகிற வழியில்தான் இருக்கிறது. கத்தாங்கண்ணியிலும் கோவை வெள்ளலூரிலும் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைத்தன. அரச்சலூர்க் குகையில் தாள எழுத்துகளைப் பொறித்த தேவன் சாத்தன், மணியும் காசும் தரம் பார்க்கும் வண்ணக்கன். ஆனால் மூட்டையோடு தூரதேசம் போகிற வணிகச் சாத்துக்கு இரண்டு பக்கமும் முள் அடைத்த, திரும்பக்கூட இடமில்லாத சந்து எதற்கு? திருடனுக்கு அதைவிட வசதி வேண்டாம். இட்டேரி பிறந்தது மாட்டுக்காக.

கொறங்காட்டைத் தெரிந்தால் இது விளங்கும். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் மழை குறைவு, மண்ணும் சரளை. அந்த மண்ணில் கொழுக்கட்டைப்புல் தானாக நிற்கும். ஊடே வெள்வேல மரம். புல் காய்ந்துபோன கோடையில் அதன் காயை ஆடும் மாடும் பொறுக்கித் தின்னும். நான்கு புறமும் கிளுவை வேலி போட்டு, வாசலில் தட்டியைச் சாத்திவிட்டால் மேய்க்க ஆளே வேண்டாம். வருசம் முழுக்க ஒரே காட்டில் விட்டால் புல் அழிந்துவிடும் என்பதால் மாட்டை ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்றும்போது வழியில் இருக்கும் சோளத்திலோ கம்பிலோ அது வாய் வைத்தால் அன்றைக்கே சண்டை. ஆகவே வழிக்கு இரண்டு பக்கமும் வேலி. தட்டியைத் திறந்து ஓட்டிவிட்டால் மாடு வேறெங்கும் போக முடியாது. அடுத்த தட்டியில்தான் போய் நிற்கும்.

மழைக்கு முன்னால் கிளுவைப் போத்தை வெட்டி நெருக்கமாக ஊன்றுவார்கள். சில வருசத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பிறகு பிரண்டை, கோவை, முசுமுசுக்கை, வேலிப்பருத்தி எல்லாம் தானாக வந்து ஏறும். கௌதாரியும் கீரியும் குடிவந்துவிடும். வண்டிச் சக்கரம் அரைத்து அரைத்துத் தடம் காட்டைவிடத் தாழ்ந்துபோக, மழைக் காலத்தில் அதுவே ஓடையாகித் தண்ணீரைக் குட்டைக்குக் கொண்டுசேர்க்கும். பள்ளம், மணல், சரளை, திடீர்த் திருப்பம் என்று இன்றைக்குப் பிள்ளைகள் தேடி வந்து ரசிப்பதெல்லாம் மாடும் வண்டியும் மழையும் சேர்ந்து செய்த வேலை.

திப்பு சுல்தான் விழுந்த மறுவருசம், 1800இல், கும்பினிக்காகப் பிரான்சிஸ் புக்கானன் இந்தச் சீமையைச் சுற்றி எழுதினார். 1887இல் நிக்கல்சன் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைக் கொண்டுவந்தார். 1909இல் கன், 1936இல் லிட்டில்வுட் என்று வெள்ளைக்காரக் கால்நடை அதிகாரிகள் தென்னிந்திய மாட்டினங்களைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் காங்கயம் மாட்டைக் கண்ணுங்கருத்துமாக வளர்த்து உலகறியச் செய்தார். மாட்டின் பெருமை எழுத்தில் ஏறியது. மாடு நடந்த வழியின் பெருமை ஏறவில்லை. இட்டேரியின் எழுத்துச் சாட்சி கிரயப் பத்திரத்தில் மட்டும் கிடைக்கும். எந்தத் தோட்டத்துப் பழைய பத்திரத்தைப் புரட்டினாலும் ஆளும் மாடும் வண்டியும் போகவர மாமூல் தடப் பாத்தியம் என்று ஒரு வரி இருக்கும். கல்வெட்டுக்குப் பதிலாக எங்களுக்கு வாய்த்தது அந்த முத்திரைத்தாள் வரிதான்.

சைக்கிள் வந்தது பின்னால். 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியபின் ஹெர்குலிஸ் சாதாரணக் குடியானவன் கைக்கும் எட்டியது. பால்காரர் இரண்டு பக்கமும் கேன் மாட்டினார். சென்னிமலை நெசவாளி நூல் சிப்பத்தைக் கட்டினார். மிதிப்பவரைவிடப் பாரம் கனம். சைக்கிளோ கியர் இல்லாத இரும்புக் குதிரை. கம்பி பிரேக் மழையில் பிடிக்காது. சரிவில் இறங்கும்போது செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவோம். வண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடு மேட்டில் ஏறினால் வேலியில் விழவேண்டியதுதான். வெள்வேல முள் ஏறாத டியூப் இந்த வட்டாரத்தில் இருந்திருக்காது.

1976இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் தடித்த டயர் போட்ட பழைய கனத்த சைக்கிள்களில் மண் சரிவில் இறங்கிப் பந்தயம் விட்டார்கள். பிரேக் சூடேறிக் கிரீஸ் புகைந்துபோக, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததாம். ‘மவுண்டன் பைக்’ விளையாட்டு அங்கேதான் தொடங்கியது என்று எழுதுகிறார்கள். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்கள். அதே 1976இல் எங்கள் பால்காரரும் மண் சரிவில்தான் இறங்கிக்கொண்டிருந்தார், இரண்டு கேன் பாலோடு, அது திரிவதற்குள். அவருக்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை. பரவாயில்லை, பாலுக்குக் காசு கொடுத்தார்கள்.

மாட்டு வண்டிக்குப் பிறகு வந்தவற்றில் இட்டேரியை அகலப்படுத்தச் சொல்லாதது சைக்கிள் ஒன்றுதான். டிராக்டர் வந்து ஒரு பக்க வேலியைத் தின்றது. போர்வெல் லாரி இன்னொரு பக்கத்தைத் தின்றது. பிறகு ‘சைட்’ போடுகிறவர்கள் வந்தார்கள். முப்பதடி ரோடு காட்டினால்தான் மனை விலை போகும். பொக்லைன் ஒரு முற்பகலில் வேலையை முடித்துவிடும். மிச்சம் இருப்பவர் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி கட்டுகிறார். கம்பியில் பிரண்டை ஏறினாலும் கௌதாரி குடிவராது. தார் போட்டதால் இட்டேரி போயிற்று என்று எல்லாரும் சொல்கிறார்கள். தாரைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அகலம்தான் அதைக் கொன்றது.

சைக்கிளில் வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். எதிரே பட்டி ஆடு வந்தால் இறங்கி வேலியோரம் நில்லுங்கள். தட்டியைத் திறந்து போனால் சாத்திவிட்டுப் போங்கள். திறந்து விட்ட தட்டியால் ஒரு குடியானவனுக்கு மாடு போகும். திருப்பத்தில் மணி அடியுங்கள்.

காட்டுக்காரர்களுக்கும் ஒன்று. அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும்போது, உங்கள் இட்டேரியில் ரோடு போடும் தீர்மானம் வந்தால் வேண்டாம் என்று மறுக்காதீர்கள். மழையில் ஆம்புலன்ஸ் வர வேண்டும். ஒரு பக்கத்து வேலியையாவது அப்படியே விட்டுவிட்டுப் போடச் சொல்லுங்கள். இன்னொரு பக்கம் போன இடத்தில் ஐப்பசி மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து ஊன்றுங்கள். போத்துக்குக் காசு வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டால் வெட்டிக்கொடுப்பார்.