கல்வெட்டில்லாத கரை

போடிநாயக்கனூர் என்றதும் குரங்கணியையும் கொழுக்குமலையையும் நினைத்துக்கொள்ளும் நண்பர்களுக்கு எங்கள் நடைப்பயணம் சற்று ஏமாற்றமளிக்கக்கூடும். நாங்கள் மலை ஏறவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட பின், வனத்துறையின் அனுமதியின்றி மேலே செல்ல இயலாது. அடிவாரத்திலிருந்து நீர் போகும் திசையில் ஒரு பகல் நடந்து, அது தங்கும் இடத்தைக் காண்பது என்பதே எங்கள் திட்டம். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பெரிய மூச்சுப் பயிற்சியும் தேவையில்லை.

ஊருக்கு மேற்கே முந்தல் சாலையில் உள்ள அணைப்பிள்ளையார் கோயிலில் காலையில் தொடங்கினோம். ஏலமலைச் சரிவுகளின் நீரைத் திரட்டிக்கொண்டு வரும் கொட்டகுடி ஆறு இவ்விடத்தில் ஒரு தடுப்பணையைத் தாண்டி இறங்குகிறது. வைகையில் கலக்கும் முன் இவ்வாறு பல கண்மாய்களை நிரப்பிச் செல்கிறது. பிள்ளையாரின் பெயரிலேயே அணை இருப்பதைக் கவனியுங்கள். கட்டியவர் பெயரை ஊர் மறந்துவிட்டது. காவலுக்கு வைத்த தெய்வத்தின் பெயரில் அணையை நினைவில் வைத்துக்கொண்டது.

மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் கடந்து, ஏலக்காய் மணம் வீசும் கடைத்தெருவினூடே ஊரைத் தாண்டி, பிற்பகலில் மீனாட்சிபுரத்துக் கண்மாய்க் கரையேறினோம். பரந்த நீர்ப்பரப்பு, கரையோரம் சில கொக்குகள், மேற்கே நீலமாய் நின்ற மலைத்தொடர். வேறு ஓசையில்லை.

அக்கரையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று எங்களுக்கு உறைத்தது. இந்த வட்டாரத்தின் பெரிய அணைகளுக்கெல்லாம் ஆண்டும் பெயரும் உண்டு. பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895. கம்பம் பள்ளத்தாக்கு அதனால் வாழ்கிறது. வைகை அணை 1959. எதிரே தெரியும் மலைமுகட்டுக்கு அப்பால், திருவிதாங்கூர் அரசு மின்னாக்கத்துக்காக எழுப்பிய குண்டளை அணை 1946. ஒரே மலைத்தொடரில் விழும் மழைதான். அந்தப் பக்கம் விழுந்த நீர் விளக்கெரிக்கப் போயிற்று, இந்தப் பக்கம் விழுந்தது நெல்லுக்கு வந்தது. ஆனால் நாங்கள் அமர்ந்திருந்த கரைக்கு ஆண்டு இல்லை. கரை நெடுகத் தேடியும் ஒரு கல்வெட்டும் எங்கள் கண்ணில் படவில்லை.

கல்வெட்டு இல்லையே தவிர, கண்மாய்க்கு இலக்கியச் சான்றுக்குக் குறைவில்லை. நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கியவர்களே புகழைத் தேக்கியவர்கள் என்னும் கருத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை சொன்னார் குடபுலவியனார் (புறநானூறு 18). அதே நூலின் 118ஆம் பாடலில், பறம்பு நாட்டுச் சிறுகுளம் ஒன்றின் வளைந்த கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிடுகிறார் கபிலர். உவமை அழகானது; செய்தி துயரமானது. பாரி போன பின், பேணுவாரின்றி அந்தக் கரை உடைகிறது. புரவலன் மறைந்தால் முதலில் உடைவது குளத்தின் கரைதான் என்பதை அப்பாடலைவிடச் சுருக்கமாக எந்த வரலாற்று நூலும் சொல்லிவிடவில்லை.

போடி பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் இருந்த ஊர். கரையை மண்ணிட்டு உயர்த்துவதும், வரத்துக் கால்வாயில் தூர் வாருவதும் குடிமக்கள் கூடிச் செய்த வேலை; அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அந்த வழக்கம் தளர்ந்தபோது ஆங்கிலேய அரசு 1858இல் ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே கொண்டுவந்தது. விரும்பிச் செய்த வேலைக்குச் சட்டம் வந்தது என்றால், விருப்பம் குறைந்துவிட்டது என்றுதானே பொருள்? 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் குடியானவனுக்கு நிலவுரிமை தந்தது. அது நியாயமான சட்டம், ஐயமில்லை. ஆனால் கண்மாய் அரசுக்குப் போனதோடு, அது 'நம்முடையது' என்ற எண்ணமும் ஊரைவிட்டுப் போயிற்று. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் திரும்பிவிட்டது, எண்ணம் திரும்பியதா என்பதே கேள்வி.

மடையருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம்.

"கண்மாய் ஆருக்குச் சொந்தம்னு கேக்குறீகளா தம்பி? தண்ணி கெடக்கையில எல்லாருக்கும் சொந்தம். கரை ஒடையுறப்பத்தான் கவருமெண்டுக்குச் சொந்தம்" என்றார்.

சிரித்துவிட்டோம்; பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கலிங்கு, மறுகால், மடை, நீர்பாய்ச்சி என்று கண்மாயைச் சுற்றி ஒரு சொற்கூட்டமே தமிழில் வாழ்ந்திருக்கிறது. எங்கள் குழுவில் இருந்த இளைய நண்பருக்கு அவற்றுள் ஒன்றுகூடத் தெரியவில்லை. நீர்நிலை தூர்ந்தால் தோண்டிவிடலாம். சொல் தூர்ந்தால் எதைக் கொண்டு தோண்டுவது? ஆகவே கரையோரம் நடந்து, பெரியவர் காட்டக் காட்ட ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டோம்.

வெயில் சாய்ந்தபோது மலையின் நிழல் ஊரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பேருந்துக்கு நேரமாயிற்று. போடிப் பக்கம் செல்லும் வாசகர்கள் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், இந்தக் கரையிலும் ஒரு நாழிகை அமர்ந்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.