அடைக்கலம் தேடி வந்தவர்களின் ஊர்: ஏலாக்குறிச்சித் திருப்பயணம்



கொள்ளிடத்தின் வடபுறத்தில், அரியலூர் மாவட்டத்தின் திருமானூர் ஒன்றியத்தில் ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் இருக்கிறது. கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் அடைக்கல அன்னை திருத்தலத்தை உங்களுள் பலர் அறிவீர்கள். நோய் நீங்க வேண்டியும், பிள்ளைப்பேறு வேண்டியும், பிள்ளைகளின் படிப்புக்காகவும் திருமணத்திற்காகவும் அங்கே மெழுகுதிரி ஏற்றியிருப்பீர்கள். இவ்வாரம் அத்திருத்தலத்தின் வரலாற்றைச் சற்று நிதானமாக நினைத்துப் பார்க்க உங்களை அழைக்கிறேன். ஒரு புனித இடத்திற்கு முதன்முதலில் யார் வந்தார்கள், எந்த நிலையில் வந்தார்கள் என்பதை அறிந்து செல்கிறவருடைய மன்றாட்டு, அறியாமல் செல்கிறவருடைய மன்றாட்டைப் போல் இருப்பதில்லை.

ஏலாக்குறிச்சிக்கு முதலில் வந்த கிறிஸ்தவர்களுள் பலர் நேர்ச்சை செலுத்த வந்தவர்கள் அல்லர். உயிர் பிழைக்க ஓடி வந்தவர்கள்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளிடத்தின் தென்புறம் தஞ்சை மராட்டியர் ஆட்சியில் இருந்தது. வடபுறத்தில் அரியலூர் மழவராயர்கள் பாளையக்காரர்களாக ஆண்டு வந்தார்கள். மதுரை மறைப்பணித்தளத்தைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் இவ்விரு நாடுகளிலும் நற்செய்தி அறிவித்து வந்தார்கள். அக்காலம் எத்தகையது என்பதற்கு 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த புனித அருளானந்தரே சான்று. எட்டு ஆண்டுகள் கழித்து, 1701இல், மன்னர் சாகஜியின் ஆட்சியில் தஞ்சை நாட்டுக் கிறிஸ்தவர்கள்மீது கடும் துன்புறுத்தல் எழுந்தது. ஆலயங்கள் இடிக்கப்பட்டன, குருக்களும் மக்களும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் ஆற்றைக் கடந்து வடக்கே வந்தார்கள். தஞ்சை மன்னரின் கை எட்டாத இடமாக இருந்ததால், ஏலாக்குறிச்சி அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

இவ்விடத்தில் இரண்டு உண்மைகளை நாம் மறைக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அத்துன்புறுத்தல் காரணமின்றி எழவில்லை. அவ்வாண்டு புதுச்சேரியில் கிறிஸ்தவர்கள் நடத்திய சமய நாடகம் ஒன்றில் இந்து தெய்வச் சிலைகள் உடைக்கப்படுவதாகக் காட்டப்பட்டதும், அச்செய்தி தஞ்சைக்கு எட்டி மக்களின் சினத்தைக் கிளறியதும் அக்காலக் குருக்களின் கடிதங்களிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. புதுச்சேரியில் சிலர் செய்த அவமதிப்புக்குத் தஞ்சைச் சிற்றூர்களின் ஏழை விசுவாசிகள் விலை கொடுத்தார்கள். பிறர் புனிதமாகக் கருதுவதை இழிவுபடுத்துவது நம் விசுவாசத்திற்கு வலிமை சேர்க்காது என்பதற்கு இது நம் சொந்த வரலாறு தரும் பாடம்.

இரண்டாவது, கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியவரும் இந்து மன்னர்; அவர்கள் ஒதுங்கி வாழ இடம் தந்த நாட்டை ஆண்டவரும் இந்து மன்னரே. அரசியல் போட்டிகளும் அதில் இருந்திருக்கலாம். ஆயினும், நாம் இன்று 'அடைக்கல அன்னையே' என்று அழைக்கும்போது, அந்த அடைக்கலம் வேற்றுச் சமயத்தார் ஆண்ட மண்ணில்தான் நம் முன்னோருக்குக் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

சில ஆண்டுகளுக்குப் பின் இவ்வூர் மற்றொரு அந்நியரையும் ஏற்றுக்கொண்டது. 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்தவர் கான்ஸ்தான்சோ யோசேப் பெஸ்கி. புனித அலோசியஸ் கொன்சாகா பிறந்ததும் அதே ஊர்தான். 1710இல் இந்தியா வந்து, தமிழகத்தில் மறைப்பணியாற்றிய அவரை நாம் வீரமாமுனிவர் என்று அறிகிறோம். ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கிப் பணிபுரிந்த அவரே அவ்வூருக்குத் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டார். காவல் கிடைத்த ஊர் என்பதால் காவலூர். தலத்து அன்னையைப் போற்றித் 'திருக்காவலூர்க் கலம்பகம்', 'அடைக்கல மாலை' முதலிய நூல்களையும் பாடினார்.

அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயர் ராஜபிளவை என்னும் கொடிய கட்டியால் வருந்தினார் என்றும், முனிவர் அன்னையை மன்றாடி அவ்விடத்து மண்ணையும் நீரையும் குழைத்துப் பூச, அவர் நலம் பெற்றார் என்றும், நன்றியாக ஆலயத்திற்கு நிலம் அளித்தார் என்றும் தலத்து மரபு கூறுகிறது. இன்றும் பக்தர்கள் அம்மண்ணை நம்பிக்கையோடு எடுத்துச் செல்கிறார்கள். இம்மரபை நீங்கள் கேட்கும்போது புதுமையை மட்டும் நினைக்காமல், அதில் அமைந்துள்ள உறவையும் கவனியுங்கள். அடைக்கலம் தந்தவரே ஒரு நாள் நோயாளியாகி, அடைக்கலம் பெற்றவர்களின் வாசலில் வந்து நிற்கிறார். இன்று கொடுப்பவர் நாளை கேட்பவராகலாம்.

வீரமாமுனிவரின் பெருங்காப்பியமாகிய 'தேம்பாவணி' புனித சூசையப்பரின் வரலாற்றை 3 காண்டங்களில், 36 படலங்களில், 3615 பாடல்களில் சொல்கிறது. தச்சராகிய சூசையப்பர் அக்காப்பியத்தில் வழிநடைப் பயணியாகவும் இருக்கிறார். ஏரோதுக்கு அஞ்சி, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குச் செல்கிறார். கொள்ளிடத்தைக் கடந்து ஓடி வந்த மக்களின் பிள்ளைகளுக்கு இக்கதை எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தங்கள் ஆண்டவரும் தங்களைப் போலவே ஓடி வந்தவர், வேற்று நாட்டில் ஒதுங்கி வாழ்ந்தவர் என்பதை அவர்கள் சொந்தத் துயரத்தின் வழியாகவே உணர்ந்திருப்பார்கள்.

அன்பார்ந்தவர்களே, திருப்பயணம் நம் விசுவாசத்தை எவ்வாறு ஆழப்படுத்துகிறது? வழக்கமாக நாம் சொல்லும் விடை, வேண்டியது கிடைத்தது, அதனால் விசுவாசம் வளர்ந்தது என்பதே. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். துன்பத்தில் தாயிடம் ஓடும் பிள்ளையை யார் கடிந்துகொள்வார்? ஆயினும், கேட்டது கிடைக்காமலே திரும்பியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் பயணம் வீண்தானா? ஏலாக்குறிச்சி வரலாறு அவர்களுக்கும் ஒரு விடை வைத்திருக்கிறது. 1701இல் ஆற்றைக் கடந்தவர்களுக்கு இடித்த ஆலயங்களோ இழந்த வயல்களோ அன்றே திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் பெற்றது நிற்பதற்கு ஓரிடமும், ஒன்றாய்ச் செபிக்க ஒரு கூட்டமுமே. அதைப் பற்றிக்கொண்டு அவர்கள் விசுவாசத்தைக் காத்தார்கள். எல்லாம் இழந்த பின்னும் கடவுள் தங்களைக் கைவிடவில்லை என்று கண்டுகொண்டதே அவர்களுடைய ஆழம்.

இஸ்ரயேல் மக்கள் எருசலேமுக்கு நடந்து செல்லும்போது பாடுவதற்கென்றே திருப்பாடல்களுள் பதினைந்து உண்டு. பன்னிரண்டு வயதில் ஆண்டவர் இயேசுவும் பெற்றோருடன் அவ்வழி நடந்தார். நடைப்பயணத்தில் மனிதர் தம் சுமையைத் தாமே அறிகிறார். தண்ணீருக்கும் நிழலுக்கும் பிறரை நாட வேண்டியவராகிறார். ஆகஸ்டு இறுதியில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோரைக் கேட்டுப் பாருங்கள். வழியில் மோர் தந்தவர், திண்ணையில் படுக்க இடம் தந்தவர் ஆகியோரின் முகங்களை அவர்கள் மறப்பதில்லை. அவர்களுள் பலர் நம் சமயத்தார் அல்லர். வீட்டில் எல்லாம் உடையவராய் இருக்கிறவர் வழியில் சில நாள் இல்லாதவராகிறார். அப்போதுதான் அடைக்கலம் என்னும் சொல்லுக்குப் பொருள் விளங்குகிறது.

எண்ணிக்கை நூல் 35ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஆறு அடைக்கல நகரங்களை ஏற்படுத்தச் சொல்கிறார். அவை இஸ்ரயேலருக்கு மட்டும் உரியவை அல்ல. அவர்களிடையே வாழும் அந்நியருக்கும் உரியவை. ஓடி வருபவர் நகர வாயிலில் நின்று தம் நிலையைச் சொல்ல வேண்டும். மூப்பர்கள் கேட்டு, அவரை உள்ளே அழைத்து, தங்க இடம் தர வேண்டும் என்று யோசுவா நூல் விளக்குகிறது. ஆகவே அடைக்கல நகரத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. வாயிலில் நிற்பவரின் குரலைக் கேட்பதே அக்கடமை.

நம் வாயிலில் இன்று யார் நிற்கிறார்கள்? ஏலாக்குறிச்சிக்குப் பெரம்பலூர் வழியாகச் செல்பவர்களை ஒன்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்நகரை ஒட்டிய துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 1983 ஜூலை வன்முறைக்குப் பின் கடல் கடந்து வந்த நம் உறவுகளுக்குத் தமிழகமெங்கும் அமைந்த முகாம்களுள் அதுவும் ஒன்று. நம் முன்னோர் கடந்தது ஆறு. இவர்கள் கடந்தது கடல். முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று தாமே பெற்றோராகிவிட்டார்கள். ஆனாலும் பலருக்கு இந்நாட்டுக் குடியுரிமை இன்னும் கிட்டவில்லை. அரியலூரிலோ சுண்ணாம்புக்கல் சுரங்கங்களையும் சிமெண்ட் ஆலைகளையும் நம்பி, மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். அடைக்கல அன்னையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இவர்களை நாம் காணாமல் கடந்து போகலாமா? நம் ஆலயத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் சாதியின் பெயரால் உடன்பிறப்புகளை ஒதுக்கிவிட்டு, அந்த அன்னையின் முன் முழந்தாளிட நமக்கு எந்த முகம் உண்டு?

ஆகவே, இம்முறை நீங்கள் ஏலாக்குறிச்சிக்குச் செல்லும்போது சிறிய செயல்கள் சிலவற்றைச் செய்யுங்கள். தஞ்சை, திருவையாறு வழியாக வருவீர்களானால், திருமானூருக்கு முன் கொள்ளிடப் பாலத்தில் பேச்சை நிறுத்தி, இருள் நேரத்தில் அவ்வாற்றைக் கடந்த குடும்பங்களை நினைத்து ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள். ஆலயத்தில் உங்கள் விண்ணப்பங்களை வைத்தபின், உங்களுக்கு ஒரு காலத்தில் இடம் தந்த ஒருவரின் பெயரைச் சொல்லி நன்றி கூறுங்கள். அவர் எச்சமயத்தாராயினும் ஆகட்டும். வீடு திரும்பிய பின், உங்களிடம் இடம் கேட்டு நிற்கும் ஒருவரைத் தேடிச் சென்று, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். வாடகைக்கு வீடு கிடைக்காதவராக அவர் இருக்கலாம். குடும்பத்தில் எவரும் பேசாமல் ஒதுக்கிவைத்த உங்கள் சகோதரியாகவும் இருக்கலாம்.

மன்றாடுவோம்: எகிப்தில் அந்நியராய் வாழ்ந்த ஆண்டவரே, ஓடி வந்த எங்கள் முன்னோருக்கு நீர் தந்த நிழலுக்காக உமக்கு நன்றி. அந்நிழலில் இன்றும் இளைப்பாறும் நாங்கள், வெயிலில் நிற்பவருக்கு இடம்விட்டு அமர எங்களுக்குக் கற்றுத் தாரும். அடைக்கல அன்னையே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.